பழைய பேட்டரி என்னிடம் இருக்கிறது

அலிசியாம்மா,

லாப்டாப்பின் பழைய பேட்டரியைத் தேடாதே. நான்தான் எடுத்துக்கொண்டு பாக்கார் ஆராங்கில் இருக்கிற கூரியர் ஆபீசுக்குப் போகிறேன். நேற்று புதுசைக் கொடுத்து இதை வாங்க வந்த கூரியர்காரனைக் கேட்டிலேயே நிறுத்தி விரட்டியது நான்தானே.

"மாமா, அவன் திருடன் இல்லலா, பேட்டரி மாத்த வந்தவன்!" என்று கத்திவிட்டுப் போன நீ, அப்புறம் என்னோடு பேசவே இல்லை. தான் விற்ற சாமான் தீப்பிடிக்கும் என்று தானே சொல்லி, காசில்லாமல் மாற்றித் தருகிற கம்பெனியை இந்த வயதுவரை நான் பார்த்ததில்லை. எப்படி நம்புவது?

காலையில், கம்பெனி திருப்பிக் கேட்கிற பேட்டரி என்று நீ எழுதி வைத்திருந்த நம்பரைப் பூதக்கண்ணாடி வைத்துப் பேட்டரியோடு ஒத்துப் பார்த்தேன். எறும்பு எறும்பாக எழுத்து. ஒன்றுகூடத் தப்பில்லை. முப்பது வருஷம் தொழிற்சாலை கேட்டில் ஜாகாவாகக் காவல் நின்று, லோரிக்கு அடியில்கூடக் குனிந்து சோதித்தவன் நான். நம் மேசைமேல் கிடந்ததைத் திருப்பிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. உனக்குத் தோன்றியது. பேரப்பிள்ளைகள் அதன் பக்கத்தில்தானே படுத்துத் தூங்குகிறார்கள். கெட்டிக்காரிதான் நீ.

நாளைக்கு உன் ஆன்லைன் டியூஷன் பிள்ளைகள் காத்திருப்பார்கள். புதுசு இல்லாமல் திரும்ப மாட்டேன்.

சோறு குக்கரில். கருவாட்டுக் குழம்பைச் சூடு பண்ணிக்கொள். சாவி எங்கே என்று இதில் எழுத மாட்டேன், உனக்குத் தெரியும்.

மாமா

நான் வருவதற்குள் அந்தக் கூரியர்காரன் மறுபடி வந்தால் கேட்டைத் திறந்து உட்காரச் சொல். ஐசி அடையாளக் கார்டைக் கேட்காதே. நேற்றே வாங்கி நம்பரைக் காலண்டருக்குப் பின்னால் எழுதிவிட்டேன்.