ஆரஞ்சு ஒயர்

மாதா துணை
ஸ்டுட்கார்ட் பக்கம், ஜெர்மனி
20.10.2002

பிலோமி அப்பாவுக்கு,

ராணி எழுதுறது. நான் நல்லா இருக்கேன்னு எழுதத்தான் பேனாவ எடுத்தேன், ஆனா பொய் எழுத வரல. நாலு நாளா சோறு இறங்கல. 

டாக்டரய்யா மச்சு ரூம்ல பொம்மை ரயில் வச்சிருக்காருன்னு முன்னாடி எழுதியிருந்தேன்ல. பொம்மைன்னு சொன்னா அவருக்குக் கோவம் வரும். ரூம் முழுக்க தண்டவாளம், ஸ்டேஷன், பாலம், அம்புட்டும் அவரே செஞ்சது. நம்ம ஊரு மிஷன் ஆஸ்பத்திரியில எத்தனை பேருக்குக் கண் ஆபரேஷன் பண்ணின மனுசன், இப்ப அவருக்கே ரெண்டு கண்ணும் போயிருச்சு. விடிஞ்சா அடைஞ்சா அந்த ரயில் ஒன்னுதான் அவருக்கு. கண்ணு தெரியாம எப்படி ஓட்டுறாருங்கிறீங்களா? சத்தத்த வச்சுத்தான். ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளயும் ஸ்டாம்பு அளவுல ஒரு போர்டு இருக்கு, டிகோடர்னு பேரு. நிஜ இன்ஜின் மாதிரியே உறுமும், ஹாரன் அடிக்கும், கிறீச்சுன்னு பிரேக் போடும். அதக் காதுல வாங்கிக்கிட்டே, இப்ப பாலத்துல ஏறுது, இப்ப வளைவுல திரும்புதுன்னு பிசகாம சொல்லுவாரு.

அதுல பச்சை இன்ஜினுக்கு என்னமோ ஆயிருச்சு. கொஞ்ச தூரம் போகும், சத்தம் நின்னு போகும். மறுபடி முதல்லேர்ந்து ஸ்டார்ட் பண்ற சத்தம் வரும், மறுபடி நிக்கும். அது ஊமையா நிக்கிற நேரத்துல எங்க நிக்குதுன்னு அவருக்குத் தெரியல. நேத்து இன்னொரு வண்டி போயி அதுல மோதிருச்சு. கையக் காத்துல தடவிக்கிட்டு, "ராணி, வண்டி எங்க?"ன்னு கேட்டாரு பாருங்க, எனக்கு உயிரே போயிருச்சு.

அந்த ரூமத் தொடைக்கிறது நான் ஒருத்திதான். நான் ஒன்னும் பண்ணல. ஆனா யாரு நம்புவா? கிறிஸ்துமஸ்க்கு அவரு மகள் கிறிஸ்டாம்மா வாராங்க. அப்பாவ முதியோர் இல்லத்துல விட்டுறலாம்னு அவங்க முன்னாடியே சொல்லிட்டாங்க. "ராணி பாத்துக்குவா, நான் என் ரயிலோட இருந்துக்கிறேன்"னு இவரு பிடிவாதம் பிடிச்சுத்தான் நான் இங்க இருக்கேன். ரயிலே ஓடலன்னா அவரு இல்லத்துக்கு, நான் ஊருக்கு.

நீங்க ரேடியோ, டிவி, மைக் செட்டுன்னு எத்தனையோ பிரிச்சு மாட்டினவரு. ஒரு வழி சொல்லுங்க. போன் மட்டும் பண்ணிறாதீங்க. போன் அவரு நாற்காலிகிட்டயே இருக்கு, அவருக்குத் தமிழ் நம்மளப் போலவே புரியும். உங்க கடுதாசி வந்தாலும் வாசிச்சுக் காட்டச் சொல்லி ஆசையா கேப்பாரு. வண்டி விஷயத்த மட்டும் நான் விட்டுட்டு வாசிச்சுக் காட்டிருவேன்.

பிலோமிக்கு ஞாயித்துக்கிழமை தலைக்கு ஊத்தி விடச் சொல்லுங்க உங்க அக்காவ.

உங்கள் ராணி


மேட்டுப்பட்டி, திண்டுக்கல்
31.10.2002

அன்புள்ள ராணிக்கு,

சந்தியாகு எழுதுவது. ஒரு விளையாட்டு ரயிலுக்கு இம்புட்டு ஒப்பாரியா புள்ள? வேடசந்தூர் மில்லுல சங்கு ஊதாம நின்னப்ப இன்ஜினியரெல்லாம் கைய விரிச்சுட்டாங்க, நான்தான் போயி ஊத வச்சேன். உன் பச்சை இன்ஜின் எம்மாத்திரம்.

இந்த டிகோடர் எனக்கும் புதுசுதான். பஸ் ஸ்டாண்டுகிட்ட பிரவுசிங் சென்டர் வச்சிருக்கானே முகமது பாரூக், அவன் கடையில உக்காந்து கம்ப்யூட்டர்ல தேடிப் படிச்சோம். விஷயம் இதுதான். கரண்டும் சரி, ஓடு, கத்துங்கிற கட்டளையும் சரி, தண்டவாளம் வழியாத்தான் போர்டுக்குப் போகுது. சக்கரத்துல அழுக்கு ஏறினா கரண்டு விட்டு விட்டு வரும். போர்டு செத்துச் செத்துப் பொழைக்கும். அதான் ஒவ்வொரு தடவையும் ஸ்டார்ட் சத்தம். போர்டு நல்லாத்தான் இருக்கு, பயப்படாத. சக்கரத்தையும், அதுக்கு உள்பக்கம் உரசுற செம்புத் தகடையும் ஸ்பிரிட் தொட்டுத் துடை.

மேல் கூட்டைக் கழத்த வேண்டி வந்தா ஒன்னு மட்டும் ஞாபகம் வச்சுக்க. சிவப்பும் கருப்பும் தண்டவாளத்துலேர்ந்து வர்ற கரண்டு. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்குப் போறது. ஆரஞ்சு ஒயரு சிவப்பத் தொட்டுச்சோ, போர்டு கருகிப் போயிரும். அதுக்கப்புறம் நானே வந்தாலும் ஒன்னும் பண்ண முடியாது.

ஒரு கேள்வி. நல்லா ஓடுன வண்டி திடீர்னு எப்படி அழுக்காச்சு? நீ என்னத்தையோ அதுல தடவியிருக்க. உன்னைய எனக்குத் தெரியாதா.

இங்க வண்டி ஓடுது. அக்கா சமைக்குது, வெஞ்சனத்துல உப்பும் இல்ல உறைப்பும் இல்ல. பிலோமி உன் பழைய சேலைய விரிச்சுத்தான் படுக்குது. வர்ற மே மாசம் கோயில்ல புதுநன்மை, மொத நற்கருணை வாங்கணும், அம்மா வந்துருமான்னு கேட்டுக்கிட்டே இருக்கு. பிப்ரவரியில விசா முடியுது, வந்துரும்னு சொல்லி வச்சிருக்கேன். மத்தபடி உன் இஷ்டம். நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்.

அன்புடன்
சந்தியாகு


மாதா துணை
11.11.2002

பிலோமி அப்பாவுக்கு,

உங்க வாய்க்குச் சர்க்கரதான் போடணும். தடவினது நான்தான். சிரிக்காதீங்க.

அந்தப் பச்சை இன்ஜின் நிக்கும்போதெல்லாம் கிறீச்சு கிறீச்சுன்னு கத்துச்சு. பாவம், சக்கரம் காஞ்சு போச்சுன்னு நெனச்சேன். நம்ம வீட்டுக் கதவுக் கீலுக்கு விடுவேன்ல, அது மாதிரி ஊர்லேர்ந்து கொண்டாந்த தேங்காயெண்ணெய ஒவ்வொரு சக்கரத்துக்கும் சொட்டுச் சொட்டா விட்டேன். அந்தக் கிறீச்சு சத்தமே டிகோடர் போடுற சத்தம்னு அப்ப எனக்கு யாரு சொன்னா? மார்கழியில நம்ம ஊரு எண்ணெ உறையும்ல. இங்க பன்னெண்டு மாசமும் மார்கழிதான். உறைஞ்சு வெள்ளை மெழுகாட்டம் உள்ள போயி அப்பிக்கிச்சு.

நீங்க சொன்னபடி டாக்டரய்யா தூங்குற நேரமாப் பாத்து துடைச்சேன். உள்பக்கத் தகடு எட்டல, மேல் கூட்டைக் கழத்தினேன். எல்லாம் சுத்தமாச்சு. கரண்டு விட்டேன், ஆகா, முழு சத்தமும் வந்துருச்சு! ஆனா வண்டி நகரல. பாத்தா ஆரஞ்சு ஒயரு கழண்டு தொங்குது. கூட்டைக் கழத்துறப்ப இழுத்துட்டேன் போல. அது எங்க இருந்துச்சுன்னு பாக்கல. மோட்டாரு பக்கம் ஒரு முனை வெறுமனே இருக்கு, சிவப்பு ஒயருகிட்டயும் ஒரு முனை இருக்கு. படம் போட்டு வச்சிருக்கேன். நீங்க மோட்டாருக்குன்னு எழுதினீங்க, ஆனா முனை ரெண்டு இருக்கே, எதுல மாட்டணும்? டாக்டரய்யாகிட்ட, வண்டிக்குச் சளி பிடிச்சிருக்கு, ரெண்டு வாரம் ஓய்வுன்னு சொல்லி வச்சிருக்கேன். அவரு சிரிக்கல. அது எனக்கு இன்னும் பயமா இருக்கு.

இன்னொன்னு. கிறிஸ்டாம்மா வந்து பாக்குறப்ப எல்லாம் ஒழுங்கா இருந்தா, எனக்கு இன்னும் ரெண்டு வருஷத்துக்கு விசாவுக்குப் பேப்பர் போட்டுருவாங்களாம். சம்பளமும் கூட்டுவாங்களாம். சந்தோஷப்படவா அழவான்னு எனக்குத் தெரியல. பிலோமி முகம் வந்து கண்ணுல நிக்குது. நீங்க என்ன சொல்றீங்க? இந்த ஒன்னுல உங்க இஷ்டம் என் இஷ்டம்னு எழுதாம, இருன்னா இரு, வான்னா வான்னு சொல்லுங்க.

உங்கள் ராணி


திண்டுக்கல்
20.11.2002

ராணிக்கு,

கடுதாசி கிடைத்தது. ரெண்டு வருஷம் பற்றி உன் இஷ்டம்.

கழண்ட ஆரஞ்சு ஒயரைச் சிவப்பு ஒயரோடு சேர்த்து முறுக்கு. மோட்டார் முனை வேண்டாம். முறுக்கிவிட்டுக் கரண்டு விடு. வேறு யாரிடமும் காட்ட வேண்டாம்.

வேலை இருக்கிறது.

சந்தியாகு


திண்டுக்கல்
23.11.2002

ராணி,

முந்தின கடுதாசியில எழுதினதச் செய்யாத. செய்யாத புள்ள. ஆரஞ்சு மோட்டாருக்குத்தான். மோட்டார் பக்கம் வெறுமனே இருக்கிற முனையில மாட்டு. சிவப்பு பக்கமே கொண்டு போகாத.

தெரியாம எழுதல. தெரிஞ்சுதான் எழுதினேன். ரெண்டு வருஷம்னு படிச்சதும் எனக்குக் கைகால் வெலவெலத்துப் போச்சு. சம்பளமும் கூட்டுறாங்க, மரியாதையும் இருக்கு, இவ இனிமே இந்த ரிப்பேர் கடைக்காரனுக்குச் சோறாக்க எதுக்கு வரப் போறான்னு தோணுச்சு. போர்டு கருகிட்டா அனுப்பிருவாங்க, பேச்சில்லாம வந்து சேந்துருவேன்னு நெனச்சேன். போஸ்ட் பண்ணிட்டு வந்து பிலோமிய மடியில போட்டுக்கிட்டு உக்காந்தப்பதான், உன்னைய ஒரு வெளிநாட்டு வீட்டுல திருடி மாதிரி நிக்க வச்சுட்டேனேன்னு உறைச்சுச்சு.

மறுநாள் விடியக்காலையில போஸ்ட் ஆபீசுக்கு ஓடினேன். பை மதுரைக்குப் போயிருச்சு, திருப்பி எடுக்க முடியாதுன்னுட்டாங்க. எஸ்.டி.டி. பூத்துலேர்ந்து ரெண்டு தடவ போன் போட்டேன். ரெண்டு தடவையும் டாக்டரய்யாதான் எடுத்தாரு. "யாரு? யாருங்க?"ன்னு தமிழ்ல கேட்டாரு. அந்தக் குரலக் கேட்டதும் வச்சுட்டேன்.

இத ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புறேன். இது முந்திரணும். அந்தோணியாருக்கு மெழுகுவத்தி ஏத்தியிருக்கேன். கிடைச்சதும் ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

சந்தியாகு


27.12.2002

பிலோமி அப்பாவுக்கு,

உங்க கடுதாசி ரெண்டும் வந்துச்சு. முதல்ல எழுதினது முதல்லயும், ஸ்பீட் போஸ்ட் மூணு நாள் கழிச்சும்.

நீங்க சொன்னத நான் தட்டல. மத்தியானம் டாக்டரய்யா கண்ணசந்த நேரத்துல மச்சுக்குப் போயி ஆரஞ்சச் சிவப்போட சேத்து முறுக்கினேன். முறுக்கும்போது உங்க பழைய கடுதாசி ஞாபகம் வந்துச்சு. தொட்டா கருகிப் போயிரும்னு நீங்களே எழுதியிருந்தீங்க. கை நின்னு போச்சு. அப்புறம், அவரு படத்தப் பாத்து மறுபடி யோசிச்சுத்தான் எழுதியிருப்பாரு, ஒயரப் பத்தி எனக்கு என்ன தெரியும்னு நெனச்சேன். கரண்ட விட்டேன். டப்புன்னு ஒரு சத்தம். செத்த நேரம் புகை வந்துச்சு, ரூமெல்லாம் கருகின வாடை. வாயப் பொத்திக்கிட்டுத் தரையில உக்காந்துட்டேன்.

கீழேர்ந்து, "ராணி, என்ன வாடை?"ன்னு கேட்டுக்கிட்டே டாக்டரய்யா கைப்பிடியத் தடவித் தடவி ஏறி வந்துட்டாரு. எண்ணெ விட்டதுலேர்ந்து எல்லாத்தையும் அழுதுக்கிட்டே சொல்லிட்டேன். "எண்ணெ விட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும்மா"ன்னாரு. "உங்க ஊருல முப்பது வருஷம் இருந்தவனுக்குத் தேங்காயெண்ணெ வாசம் தெரியாதா? வெளிய சொன்னா கிறிஸ்டா என்னைய இல்லத்துல விட்டுருவாளோன்னு பயந்துக்கிட்டு நானும் வாயத் தொறக்கல"ன்னாரு. ஒரே வீட்டுல ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம பயந்துக்கிட்டு இருந்திருக்கோம். அப்புறம், ஒயர இப்படி மாட்டச் சொன்னது யாருன்னு கேட்டாரு. நானாத்தான் மாட்டினேன்னு சொல்லிட்டேன்.

மூணு நாள் கழிச்சு உங்க ஸ்பீட் போஸ்ட் வந்துச்சு. வழக்கம்போல வாசிச்சுக் காட்டச் சொன்னாரு. மொத வரியப் பாத்ததும் அத அவருக்கு வாசிக்க முடியாதுன்னு தெரிஞ்சு போச்சு. ஊருல நல்ல மழையாம், ஆத்தூர் அணை நிறைஞ்சிருச்சாம், பிலோமி கணக்குல நூறு வாங்கியிருக்காம்னு நானா இட்டுக்கட்டி வாசிச்சேன். "உன் வீட்டுக்காரர் நல்ல மனுசன்"ன்னாரு. ஆமாய்யான்னேன்.

அந்த போன் நீங்கதானா? யாரோ மூச்சு விடுற சத்தம் மட்டும் கேக்குதுன்னு டாக்டரய்யா சொன்னாரு. திருடனோ என்னமோன்னு நாங்க ஜன்னலயெல்லாம் சாத்திட்டு ஜெபமாலை சொன்னோம். ராணியக் கூப்பிடுங்கன்னு ரெண்டு வார்த்தை வரல உங்களுக்கு. அன்னைக்கு வந்திருந்தா அந்தப் போர்டு இன்னைக்கும் கத்திக்கிட்டு இருக்கும்.

கிறிஸ்துமஸ் அன்னைக்குக் கிறிஸ்டாம்மாகிட்ட நானே போயி சொன்னேன். அவங்க அந்தக் கருகின போர்டத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "இது கடையில கிடைக்கும் ராணி, இதுக்கா அழுற?"ன்னாங்க. அப்புறம் ரெண்டு வருஷப் பேப்பர எடுத்து மேசையில வச்சாங்க. யோசிச்சுச் சொல்றேன்னு ரூமுக்குப் போனேன்.

உங்க கடுதாசி எல்லாத்தையும் கட்டில்ல பரப்பி வச்சு வாசிச்சேன், நான் வந்ததுலேர்ந்து வந்த எல்லாத்தையும். உன் இஷ்டம்னு எத்தனையோ எடத்துல இருக்கு. வான்னு ஒரு எடத்துல இல்ல. நீங்க வெலவெலத்துப் போயி எழுதின கடுதாசியில கூட இல்ல. வந்துரு புள்ளன்னு ஒத்த வரி இருந்திருந்தா, விசா முடியிற வரைக்கும் கூட இருந்திருக்க மாட்டேன், சத்தியமா. எனக்கு இந்த ஊரு மேல ஒரு ஆசையும் இல்ல. வான்னு கேக்கப் பயந்துக்கிட்டு, நான் உங்கள நம்புறதயே எடுத்து எனக்கு எதிரா வச்சுட்டீங்க. இனிமே நீங்க எதச் சொன்னாலும், இது நெசமா, இல்ல இதுவும் ஆரஞ்சு ஒயரான்னுதான் எனக்குத் தோணும். அப்படி ஒரு வீட்டுல நான் எப்படிச் சோறாக்கி உக்காருறது?

கையெழுத்துப் போட்டுட்டேன்.

மே மாசம் புதுநன்மைக்குக் கண்டிப்பா வருவேன். பிலோமிக்கு வெள்ளைக் கவுன் இங்கயே எடுத்துட்டேன், அளவு உங்க அக்கா அனுப்பினாங்க. வந்தா மேட்டுப்பட்டியிலயே எங்க அம்மா வீட்டுல தங்கிக்கிறேன். பிலோமிக்குத் தனியா கடுதாசி போடுறேன், அதப் பிரிக்காம அது கையில குடுங்க.

கருகின போர்ட இந்த உறைக்குள்ள வச்சிருக்கேன். சரி பண்ணச் சொல்லி அனுப்பல. புதுசு ஜனவரியில வருது, கடைக்காரரே வந்து மாட்டித் தர்றேன்னுட்டாரு. உங்களுக்குச் சிரமம் வேண்டாம்.

சகாயராணி