எத்தனையாம் பிள்ளை?

13 ஒக்டோபர் 2024, ஞாயிறு

தமிழ்ப் பூசை முடிந்து மாதா கோயில் மண்டபத்தில் தேத்தண்ணீர். மேரிசாந்தி பக்கத்துக் கதிரையில் வந்து இருந்து, தன் மகன் டெனுசனும் ஒக்ஸ்போட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறான் என்றாள். கெமிஸ்ற்றிக்காம். என் மரினா விண்ணப்பித்திருக்கிற அதே பாடம். "நல்லது" என்றேன். கையில் இருந்த கேக்கைத் தட்டில் வைத்துவிட்டேன்.

ஹவுன்ஸ்லோவில் ஒரே கோயில், ஒரே வயதுப் பிள்ளைகள், அதனால்தான் இவளோடு பழக்கம். மற்றபடி என்ன பொருத்தம்? டெனுசன் வீட்டுக்குப் பக்கத்துச் சாதாரணப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான். மரினா பதினொரு வயதில் சோதனை எழுதி, ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குள் தெரிவாகிக் கிராமர் பள்ளிக்கூடத்துக்குப் போனவள். ஏழாவது வருசமாக 281 பஸ்ஸில் கிங்ஸ்டனுக்குப் போய்வருகிறாள். அவளுடைய அப்பா கஸ்பர் அப்போதே சொன்னவர்: "பக்கத்திலை விடுவம் பியற்றிஸ், பிள்ளை நித்திரையாவது கொள்ளும்." நான் கேட்கவில்லை.

பதினாறு வயதுச் சோதனையில் மரினாவுக்குப் பத்துப் பாடத்தில் எட்டுக்கு அதிகூடிய புள்ளி. டெனுசனுக்கு ஆறுக்குத்தான். எல்லாத் தாய்மாரிடமும் கேட்டு வைத்திருக்கிறேன். வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று இந்த நாட்டு றிப்போட்டில் போடமாட்டார்கள். நாங்களாகத்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எட்டு பெரிதா, ஆறு பெரிதா? பிறகு எதற்குப் பயப்படுகிறேன்?

21 நவம்பர், வியாழன்

பெற்றோர் சந்திப்பு. கெமிஸ்ற்றி ஆசிரியைக்கு முப்பது வயதும் இருக்காது. மரினா வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்று கேட்டேன். மரினா மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். அப்படி வரிசைப்படுத்துவதில்லை என்றார் ஆசிரியை. நான் விடவில்லை. கடைசியில், நூற்றைம்பது பேரில் நடுவுக்குக் கொஞ்சம் மேலே என்று சொல்லலாம் என்றார்.

நடுவுக்கு மேலே! ஏழு வருசம் பஸ்ஸில் போய், நடுவுக்குக் கொஞ்சம் மேலே!

என் முகத்தைப் பார்த்து ஆறுதல் சொல்ல நினைத்தாரோ என்னவோ, இன்னொன்றும் சொன்னார். பெரிய பல்கலைக்கழகங்கள் புள்ளியை மட்டும் பார்ப்பதில்லையாம். அந்தப் பிள்ளை தன் பள்ளிக்கூடத்து மற்றப் பிள்ளைகளைவிட எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்றும் பார்ப்பார்களாம். எட்டு எடுத்தவர்கள் இங்கே வகுப்பு நிறைய இருக்கிறார்கள். டெனுசனின் பள்ளிக்கூடத்தில் ஆறு எடுத்தவன் அவன் ஒருவன்தான்.

பஸ்ஸில் மரினா எனக்கு முன் சீற்றில் தனியாகப் போய் இருந்தாள்.

2 டிசம்பர், திங்கள்

இருவருக்கும் நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு. சந்தோசப்பட வேண்டிய நாள். எனக்கு 1997 ஞாபகம் வந்துவிட்டது.

அந்த வருசம் நானும் மேரிசாந்தியும் உயர்தரப் பரீட்சை எழுதினோம். நான் யாழ்ப்பாணத்தில், கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில். எல்லா வகுப்பிலும் முதலாம் பிள்ளை. அவள் மன்னாரில். ஒருவரை ஒருவர் தெரியாது. இங்கே சந்தித்த முதல் நாளே அவளுடைய புள்ளியைக் கேட்டேன். வேறு யாரும் கேட்பார்களா? நான் கேட்டேன். என்னுடையது இருபத்தொன்பது கூட. ஆனால் பல்கலைக்கழகம் போனது அவள்தான். எங்கள் நாட்டில் மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி. மன்னார் பின்தங்கிய மாவட்டம், குறைந்த புள்ளி போதும். யாழ்ப்பாணத்து வெட்டுப்புள்ளிக்கு என்னுடையது போதவில்லை.

அவள் விஞ்ஞானப் பட்டதாரி. ஹீத்ரோவில் விமானத்துக்குச் சாப்பாடு கட்டுகிறாள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று இங்கேயாவது எழுதலாம்தானே.

14 ஜனவரி 2025, செவ்வாய்

மரினாவுக்கு இல்லை.

டெனுசனுக்குக் கிடைத்திருக்கிறது.

15 ஜனவரி, புதன்

ஆறு. எட்டு. ஆறு.

19 ஜனவரி, ஞாயிறு

செய்யக்கூடாததைச் செய்துவிட்டேன். இல்லை, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன்.

மண்டபத்தில் எல்லாரும் டெனுசன் புராணம். சுசிலா அக்கா என்னைப் பார்த்து, "எங்கட கோயிலுக்கே பெருமை, என்ன பியற்றிஸ்?" என்றா. அவ வேணுமென்று கேட்கவில்லை. ஆனால் நான் விட்டேனா?

"என்ன பெருமை அக்கா? கோட்டாவிலை குடுத்தது. தாய்க்கு அண்டைக்கு மன்னார்க் கோட்டா, மகனுக்கு இண்டைக்கு ஹவுன்ஸ்லோக் கோட்டா."

ஒருவரும் சிரிக்கவில்லை. சுசிலா அக்கா எனக்குப் பின்னால் பார்த்தா. அங்கே மேரிசாந்தி பிஸ்கற் தட்டோடு நின்றாள். தட்டை மேசையில் வைத்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"எங்கட பள்ளிக்கூடத்திலை ரண்டு வருசம் கெமிஸ்ற்றி படிப்பிக்க ஆளில்லை, பியற்றிஸ். நானாத்தான் வாசிச்சு எழுதினனான். அதுக்கு எத்தனை மார்க் எண்டு நீயே போடு."

போய்விட்டாள். அவள் கொண்டுவந்த பிஸ்கற்றை ஒருவரும் தொடவில்லை.

நான் சொன்னது பொய்யா? இருபத்தொன்பது பொய்யா?

21 ஜனவரி, செவ்வாய்

மரினாவுக்குத் தெரிந்துவிட்டது. டெனுசன் சொல்லவில்லையாம், வேறு யாரோ. உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எனக்காகக் கதைச்சனீங்கள் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ அம்மா. இன்டர்வியூவுக்கு நானும் அவனும் சேர்ந்துதான் பிராக்டிஸ் பண்ணினனாங்கள். எனக்கு அவனிலை ஒரு கோவமும் இல்லை."

"அப்ப உனக்குக் கவலையில்லையோ?"

"இருக்கு. ஏழு வருசமா இருக்கு. அந்தப் பள்ளிக்கூடத்திலை நான் ஒருநாளும் முதலாம் பிள்ளையா இருக்கேல்லை. அது எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். எனக்கு மறந்துபோச்சு."

மடித்த உடுப்பைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள். அவளுக்கு நல்லது என்றுதானே செய்தேன்? அவளுக்குத்தானே?

5 மார்ச், விபூதிப் புதன்

சாம்பல் பூச வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் மேரிசாந்தி. அவளுடைய கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். அதற்குள், மகன் ஒக்ஸ்போட் போகிறவளின் கழுத்து எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது என்றும் நினைத்தேன். நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் இரண்டு வாசலால் வெளியே போனோம்.

17 ஜூன், செவ்வாய்

மரினாவுக்குக் கடைசிப் பரீட்சை. எப்படி எழுதினாய் என்று கேட்காமலே சோறு போட்டேன். எனக்கு அது லேசான காரியம் இல்லை.

14 ஓகஸ்ட், வியாழன்

முடிவு வந்தது. இரண்டு ஏ, ஒரு பி.

வடக்கே, ரயிலில் மூன்று மணித்தியாலம் போகிற பல்கலைக்கழகம் ஒன்றைத்தான் அவள் பிறகு தெரிவுசெய்திருந்தாள். அங்கே கெமிஸ்ற்றிக்கு மூன்றும் ஏ வேண்டும் என்று இணையத்தில் நானே பார்த்தவள். பி என்றதும் குசினிக் கதிரையில் இருந்துவிட்டேன். கஸ்பர் வேலைக்குப் போகாமல் நின்றவர், தேத்தண்ணீருக்குக் கேத்தலைப் போட்டார்.

"அம்மா, இடம் கிடைச்சிட்டுது."

"எப்பிடி? மூண்டும் ஏ எல்லோ வேணும்?"

"மற்றாக்களுக்கு. எனக்கு ஒரு ஏ, ரண்டு பி காணும் எண்டு மார்ச்சிலேயே எழுதினவை. நான்தான் உங்களுக்குச் சொல்லேல்லை."

ஏன் உனக்கு மட்டும் என்று கேட்டேன். தகப்பனைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"தாய் தகப்பன் ரண்டு பேரும் யூனிவெர்சிற்றிக்குப் போகாத பிள்ளையளுக்கு அப்பிடி. ஃபோமிலை கேட்டிருந்தது. நான் உண்மையைத்தான் போட்டனான்."

கஸ்பர் சிரித்தார். "எங்கட படிப்பு இப்பத்தான் பிள்ளைக்கு உதவியிருக்கு" என்றார். அவரால் சிரிக்க ஏலும். எனக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. பிறகு மரினாவின் முகத்தைப் பார்த்தேன். நான் என்ன சொல்லப்போகிறேனோ என்று பயந்துகொண்டு நின்றாள். இடம் கிடைத்த பிள்ளை பயந்துகொண்டு நின்றாள்.

கட்டிப்பிடித்தேன். சரியாகக் கட்டிப்பிடித்தேனா தெரியாது.

டெனுசன் ஃபோமில் அந்தப் பெட்டியில் அடையாளம் போட்டிருக்க ஏலாது. அவனுடைய தாய் பட்டதாரி.

17 ஓகஸ்ட், ஞாயிறு

பூசை முடிந்து மண்டபத்துக்குப் போனேன். ஜனவரிக்குப் பிறகு போகவில்லை. அதே பெண்கள். மேரிசாந்தி தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். சுசிலா அக்கா, "மரினாவுக்கும் கிடைச்சிட்டுதாம், நல்ல மார்க் போல" என்றா.

ஓம் என்று சொல்லிவிட்டு இருந்திருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

"இல்லை அக்கா, ஒரு பி" என்றேன். மேரிசாந்திக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னேன். "குறைச்சுத்தான் எடுத்தவை. தாய் தகப்பன் கம்பஸ் போகாத பிள்ளை எண்டு. கோட்டாதான்."

மண்டபம் முழுக்கக் கேட்டது போல எனக்கு இருந்தது. உண்மையில் நாலைந்து பேர்தான் கேட்டிருப்பார்கள். மேரிசாந்தி தேத்தண்ணீரைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இருபத்தொன்பதைப் பற்றி ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. அவள் பக்கத்தில் இருந்து, வேறொன்று கேட்டாள்.

"அண்டைக்கு நீ கம்பஸை எத்தனை மார்க்காலை தவறவிட்டனீ?"

இருபத்தெட்டு வருசத்தில் ஒருவரும் இதை என்னிடம் கேட்டதில்லை. கஸ்பர்கூடக் கேட்டதில்லை. அவளைவிட எனக்கு எத்தனை கூட என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

"நாலு" என்றேன்.

"நாலோ!" என்று நெஞ்சில் கை வைத்தாள். "ஐயோ பியற்றிஸ், நாலோ!"

அவளுக்கு முன்னால் அழக்கூடாது என்றுதான் நினைத்திருந்தேன்.