டிவிஷன்: 1

செவ்வாய், 9

பகலெல்லாம் மழை. ஜெர்சி பதினாறும் காயவில்லை. கூடத்தில் கொடி கட்டி, மின்விசிறிக்கு அடியில் தொங்குகின்றன. எல்லாரும் தூங்கியாயிற்று. போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சம். இந்த நோட்டுக்கு வேதியியல் என்று அட்டை போட்டிருக்கிறேன். அண்ணன் தொடமாட்டான்.

சனிக்கிழமை கால்பந்துக் கிண்ண இறுதியாட்டம். எங்கள் செம்பனைத் தோட்டத்து அணியும் போர்டிக்சன் கிளப்பும். அவர்கள் லீக்கில் முதல் டிவிஷன், நாங்கள் இரண்டாவது. இரண்டாம் டிவிஷன் அணி இதுவரை இறுதிக்கு வந்ததே இல்லையாம். தோட்டம் முழுக்க இதே பேச்சு.

இன்று வாட்சாப்பில் சுவரொட்டி வந்தது. இரண்டு கிளப் பெயருக்குக் கீழேயும் "டிவிஷன் 1".

முகிலன் அண்ணனுக்குக் கோபம். அவன்தான் கேப்டன். "ரெண்டாம் டிவிஷன்னு போட்டாத்தானே நமக்குக் கெத்து. லீக் செயலாளருக்கு போன் அடிக்கிறேன்" என்றான். அச்சடித்தவன் தப்பு, விடுடா என்றார் அப்பா. அதோடு விட்டான்.

அச்சடித்தவன் தப்பு இல்லை. என் தப்பு.

மூன்று மாதத்துக்கு முன் கிண்ணப் போட்டிக்கு விண்ணப்பப் பாரம் வந்தது. அப்பா கிளப் தலைவர். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைப் பழம் ஏற்றிப் போகும் அவசரம், லோரி வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. வெறும் பாரத்தில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கிளப் பெயர். முகவரி. அடுத்த கட்டம் டிவிஷன். எங்கள் தோட்டத்தில் மூன்று பகுதி, அவற்றையும் டிவிஷன் என்றுதான் சொல்வோம். வீடு, கோயில், திடல் எல்லாம் ஒன்றாம் டிவிஷனில். பள்ளியில், கிளினிக்கில், எங்கே முகவரி கேட்டாலும் அதையும் சேர்த்துத்தான் எழுதுவேன். 1.

லீக் டிவிஷனைக் கேட்கிறார்கள் என்று தோன்றவே இல்லை. சுவரொட்டியைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.



புதன், 10

வெயில். ஜெர்சி காய்ந்தது. 7ஆம் எண்ணில் கறை போகவில்லை.

பள்ளி விட்டு வந்ததும் அப்பாவின் கோப்பில் விதித்தாளைத் தேடி எடுத்தேன். அம்மா குளிக்கும் நேரம் பார்த்து. மூன்று முறை படித்தேன்.

- கிண்ணத்தில் எட்டு இடம்.
- முதல் டிவிஷன் அணிகள் ஏழு. நேரே வரலாம்.
- எட்டாவது இடத்துக்கு இரண்டாம் டிவிஷன் அணிகள் தங்களுக்குள் தகுதியாட்டம் ஆட வேண்டும்.

இந்த வருடம் இரண்டாம் டிவிஷனில் விண்ணப்பித்தவை இரண்டுதான். நாங்களும் பெடாஸ் ஊர் கிளப்பும். செயலாளர் புதியவர். 1 என்று எட்டுப் பாரம் பார்த்திருப்பார், இடம் நிறைந்துவிட்டது என்று பெடாஸைத் திருப்பி அனுப்பியிருப்பார். எங்களுக்குத் தகுதியாட்டம் இல்லை என்றதும் அண்ணன் சாமி புண்ணியம் என்றான். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

வகுப்பில் என் பக்கத்து இருக்கை ரூபிணி, பெடாஸ்காரி. அவள் அண்ணன் அங்கே தடுப்பாட்டக்காரர். அப்போதே சொன்னாள்: "மூணு மாசம் வேல முடிஞ்சி வந்து பிரேக்டிஸ் பண்ணாங்க. எடமே இல்லன்னுட்டாங்க லா. ஒங்க பாரம் முந்திப் போயிருச்சி போல."

நானும் அவளோடு சேர்ந்து ஐயோ பாவம் என்றேன்.

வெள்ளி, 12

இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அம்மா பள்ளிச் சோதனைப் பயம் என்று நினைக்கிறாள்.

அப்பா சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னது: ஜெயிக்கிற அணியின் பாரமெல்லாம் சிரம்பானுக்குப் போகுமாம், மாநிலப் போட்டிக்கு. அங்கே ஒவ்வொரு வரியாகச் சரிபார்ப்பார்களாம்.

தோற்றால் பாரத்தை யாரும் எடுத்துப் பார்க்கமாட்டார்கள்.

சாயங்காலம் கோயிலில் அணிக்கு அர்ச்சனை. எல்லாப் பேரும் நட்சத்திரமும் சொல்லி. அண்ணன் பூட்ஸுக்குக்கூட விபூதி வைத்துக்கொண்டான். நான் கடைசியில் நின்று, தோற்க வேண்டும் என்று கும்பிட்டேன். தப்புதான். மூன்று தடவை கும்பிட்டேன்.

சனி, 13

போர்டிக்சன் திடல். கடல் காற்று. தோட்டத்திலிருந்து இரண்டு லோரி, நிறைய மோட்டார் சைக்கிள்.

எங்களுக்குப் பின்னால் பி.டி. ஆள்கள், போர்டிக்சனை அப்படித்தான் சொல்வார்கள். ஒருவன் சத்தமாக: "செம்பனைக் குலைய ஒதச்சிப் பழகின காலு லா. பாத்து, பந்து ஒடைஞ்சிரும்." அம்மா திரும்பி முறைத்தாள். "நல்லா இருங்கக்கா" என்று கும்பிடு போட்டான்.

ஒலிபெருக்கியில் இரண்டு முதல் டிவிஷன் அணிகள் என்று அறிவித்தார்கள். எங்கள் ஆள்கள் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன்.

முதல் பாதி: பி.டி. ஒரு கோல். எனக்கு மூச்சு வந்தது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கவலப்படாத பாப்பா, இன்னும் நேரம் இருக்கு" என்றாள்.

இரண்டாம் பாதி: கூட்டத்தில் கால் பட்டு எங்களுக்கு ஒன்று. யார் அடித்தது என்று இப்போதும் சண்டை. முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது கார்னர். அண்ணன் தலையால் முட்டினான். கம்பத்தில் பட்டு உள்ளே.

நானும் குதித்தேன். தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்தினேன். கீழே வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

அப்பா அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்தபோது ரூபிணியின் செய்தி: "உங்கண்ணன் செம. எங்கண்ணன் லைவ்ல பாத்துக் கை தட்டுனாரு." பதில் போடவில்லை. கிண்ணம் சாமி மேடையில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் படுத்திருக்கிறேன்.

ஞாயிறு, 14

சொல்லிவிட்டேன்.

காலையில் அப்பா லோரி கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்று ஆரம்பித்தேன். தண்ணீர் சத்தத்தில் கேட்கவில்லை. பைப்பை அடைத்துவிட்டு, திரும்பச் சொல்லு என்றார். இரண்டாம் தடவை சொல்வது இன்னும் கஷ்டம்.

அப்பா: "வேற யாருக்குத் தெரியும்?"

யாருக்கும் இல்லை என்றேன்.

பைப்பைச் சுருட்டி மாட்டினார். "எழுதுனது நீ. கையெழுத்து என்னுது. சட்ட மாத்திட்டு வா" என்றார்.

அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். கோபம் வந்தால் கதவை உதைப்பவன். இன்று உதைக்கவில்லை. பூட்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

கிண்ணத்தைத் துண்டில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன். அப்பா லோரியை லீக் செயலாளர் வீட்டுக்கு ஓட்டினார். செயலாளர் மலாய்க்காரர், வாத்தியாராக இருந்தவர். ஏன் 1 என்று எழுதினாய் என்று கேட்டார். நாங்கள் ஒன்றாம் டிவிஷனில் குடியிருக்கிறோம் என்றேன். புரியவில்லை. அப்பா தோட்டத்து டிவிஷனை விளக்கினார். சிரித்துவிட்டார் செயலாளர். அப்புறம் பெடாஸ் ஞாபகம் வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். எட்டுப் பாரத்தை எண்ணிப் பார்க்காதது தன் தப்பு என்றும் சொன்னார்.

கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்தோம்.

செவ்வாய், 16

மழை. மலாய் கட்டுரை எழுதி முடிக்கவில்லை.

பஸ்ஸில் ஏறும்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "தள்ளு தள்ளு, டிவிஷன் ஒண்ணு வருது." சிரிப்பு. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடைக்குப் போனாலும் அதே பெயர்தான்.

ரூபிணி இரண்டு நாளாக வேறு இருக்கையில்.

இன்று மூன்று கிளப்பையும் கூப்பிட்டுப் பேசினார்களாம். அப்பா வந்து சொன்னது: பெடாஸ்காரர்கள் கடுப்பாகத்தான் வந்தார்கள். ஒருவர் மேசையைத் தட்டினாராம். அப்பா எழுந்து மன்னிப்புக் கேட்டாராம். கிண்ணத்தை பி.டி.க்கே கொடுத்துவிடலாம் என்று யாரோ சொன்னதற்கு, பி.டி. கேப்டன் ஒத்துக்கொள்ளவில்லை. "திடல்ல தோத்துட்டு பேப்பர்ல ஜெயிக்கிறதா? வேணாம் லா" என்றாராம்.

முடிவு: நடக்காமல் போன தகுதியாட்டம் இந்தச் சனிக்கிழமை, பெடாஸ் திடலில். நாங்கள் ஜெயித்தால் கிண்ணம் எங்களுக்கு. பெடாஸ் ஜெயித்தால் அவர்களும் பி.டி.யும் மறுபடி இறுதியாட்டம்.

"பைனல் முடிஞ்சி தகுதியாட்டம். ஒலகத்துல நமக்குத்தான்" என்றாள் அம்மா. அப்பா கொஞ்சம் சிரித்தார். அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். என்னோடு மூன்று நாளாகப் பேச்சு இல்லை.

வியாழன், 18

ரூபிணி பழைய இருக்கைக்கு வந்தாள். இடைவேளையில் தன் காரிப்பாப் பலகாரத்தைப் பிட்டுப் பாதியை என் பக்கம் தள்ளினாள். சனிக்கிழமை நாலு கோல் வாங்கப் போறீங்க என்றாள்.

அண்ணன் இன்னும் பேசவில்லை. நேற்றும் இன்றும் இருட்டும் வரை திடலில்.

சனி, 20 (மதியம்)

மேகம் இல்லை. லோரி மூன்று மணிக்கு. நான் போவதா வேண்டாமா என்று யாரும் சொல்லவில்லை. உடுத்திக்கொண்டு அறையில் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்போது அண்ணன் கதவைத் திறந்தான். பூட்ஸைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ஒன் கூட்டாளியோட அண்ணன், அந்தத் தடுப்பாட்டக்காரன். எந்தக் கால்ல ஆடுவான்? அவகிட்ட கேட்டுச் சொல்லு."

கேட்கமாட்டேன் என்றேன்.

நிமிர்ந்து பார்த்தான். நானும் பார்த்தேன். கதவை உதைப்பான் என்று காத்திருந்தேன்.

"சரி, வந்து ஏறு. முன்னாடி அப்பா பக்கத்துல எடம் இருக்கு."