எங்கள் டொக்டரை எடுக்க அவர்கள் யார்?

மார்ச் 3
டொக்டரம்மா அறைக் கதவில் பெயர்ப்பலகை இல்லை. இரண்டு ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. காலையில் ஆஸ்பத்திரிக் கென்டீனிலிருந்து பிளேன்டீ கொண்டு போனபோது பார்த்தேன். துடைப்பதற்குக் கழற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. எனக்கு எங்கே வாய் வரும்?

மார்ச் 4
துடைக்கக் கழற்றவில்லை. டொக்டர் ஸவாஹிராவை மாற்றிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் முஹம்மது அண்ணன்தான் கென்டீனில் வந்து மெதுவாகச் சொன்னார். புதுப் பிரசவ வார்டைக் கட்டித் தந்த நாடு மெஷின்களும் அனுப்பியதாம். பாதி வேலை செய்யவில்லை. எல்லாம் சரியாக வந்தது என்று சொல்லச் சொன்னார்களாம். டொக்டரம்மா மறுத்துவிட்டார். உடனே அந்த நாட்டுத் தூதரகத்திலிருந்து கொழும்புக்கு போன்.

"இந்தம்மா இருந்தா தெறப்பு விழாவே இல்லைன்னுட்டாங்க. வேற ஒரு டொக்டர் பேரையும் அவங்களே குடுத்தாங்க. அவரத்தான் போட்டிருக்கு."

"அவங்க சொன்னா நம்ம ஆளுக போட்டுருவாங்களாண்ணே?"

"சட்டி வாங்கிக் குடுத்தவன் சமையக்காரனையும் கையோட அனுப்புறான். நீ டீய ஊத்தும்மா."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சம்பளம் கொடுப்பது நம் நாடு. நியமித்தது நம் அமைச்சு. எடுக்கச் சொன்னது வேறு எவனோ! கட்டடம் கொடுத்தால் ஆளையும் அவன்தான் வைப்பானா?

மார்ச் 6
அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொன்னதும் ஜீவராணி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அக்காவின் முதல் பிள்ளை போன வருஷம் வயிற்றிலேயே போய்விட்டது. "அசைவே இல்லீங்க, அசைவே இல்லீங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அன்று ஆஸ்பத்திரியில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. அதற்குப் பிறகுதான் ஸவாஹிரா டொக்டர் வந்தார். இப்போது வயிற்றில் இருக்கும் பிள்ளை தலை மேலே, கால் கீழே இருக்கிறதாம். "வலி வாறதுக்கு முன்னமே நானே பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பி வைப்பேன், பயப்படாதீங்க" என்று தமிழில் சொன்னார். அக்கா அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

இனி யார் அனுப்புவார்கள்?

மார்ச் 9
அப்பா மேல் இவ்வளவு கோபம் எனக்கு வந்ததே இல்லை.

தூதரகத்து ஆள் இன்று கேமராவோடு வந்தார். அப்பாதான் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் தலைவர், அதனால் முன்னால் நிறுத்தினார்கள். நான் டீத் தட்டோடு பின்னால் நின்றேன். மொழிபெயர்க்கிறவர் கேட்டார்: "புது டொக்டர் வேணும்னு தோட்டத்து ஆளுகதான் கேட்டீங்க, இல்லையா?"

அப்பா கும்பிட்டபடி, "ஆமாங்க தொர."

யார் கேட்டது? எப்போது கேட்டது? வீட்டுக்கு வந்ததும் கேட்டேவிட்டேன்.

"பெரிய ஆளு கேக்குறப்ப வேற என்னா சொல்றது புள்ள? அது ஒரு மரியாத. நம்ம லயத்து வீடுகளுக்குத் தண்ணி பைப்பு போட்டுத் தாறேன்னிருக்காங்க."

"தொர என்ன கேட்டாலும் ஆமாங்கவா? ஒங்க கழுத்த வெட்டவான்னு கேட்டா?"

"வாயப் பாரு! கென்டீனுக்குப் போயி நல்லா நீண்டுருச்சு."

எங்கள் ஆட்களுக்கு இது பழகிப்போனது. கார் வந்து நின்றால் கை தானாகக் கூம்பும். கேள்வி காதில் விழும் முன்பே ஆமாங்க வந்துவிடும். ராத்திரிச் செய்தியில் சொன்னார்கள்: தோட்ட மக்களின் வேண்டுகோளின்படி புதிய வைத்தியர் நியமனம்.

அடப்பாவிகளா.

மார்ச் 10
இன்று யாருக்கும் சீனி போட மறந்துவிட்டேன். புது டொக்டரும் வரவில்லை.

மார்ச் 17
ஒருவழியாக வந்தார். அக்காவோடு உள்ளே போனேன். கென்டீனில் பழகிய சிங்களத்தில், பிள்ளையின் கால் கீழே இருக்கிறது, பதுளைக்கு அனுப்புங்கள் என்று சொன்னேன். குரல் எனக்கே கேட்கவில்லை. "விழா முடியட்டும், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டார்.

இன்னும் சத்தமாகச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லல? ஏன்?

மார்ச் 22
பதுளை ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் அக்காவுக்கு வலி. தூக்கிக்கொண்டு ஓடினோம். டொக்டர் கொழும்பில் — விழா பற்றிப் பேசத் தூதரகத்துக்குப் போயிருக்கிறாராம். புது வார்டு பூட்டிக் கிடந்தது. கதவில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். விழா வரைக்கும் அழுக்காகக் கூடாதாம். முஹம்மது அண்ணன் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்தார். "சாவி எங்கிட்ட இல்லம்மா" என்று அழுதார்.

ஆம்புலன்ஸும் இல்லை. அப்பா ரோட்டில் குறுக்கே நின்று தேயிலைக் கொழுந்து லொறியை மறித்தார். கொழுந்து மூட்டை மேல்தான் அக்காவைப் படுக்க வைத்தோம். ஸ்பிரிங்வெளித் தோட்டம் தாண்டியதும் பிள்ளையின் கால் வெளியே வந்துவிட்டது. கூட வந்த பொம்பளைங்க கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்துச் சுற்றி மறைப்பாகப் பிடித்தார்கள். நான் அக்கா தலையைப் பிடித்திருந்தேன். பச்சைக் கொழுந்து வாசம். ரத்தம். அப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து "முருகா, முருகா" என்று கத்திக்கொண்டே வந்தது கேட்டது.

பிள்ளை அழவில்லை. வெகுநேரம் அழவே இல்லை. அப்புறம் அழுதது.

மார்ச் 23
பெண் பிள்ளை. உயிரோடு இருக்கிறது. அக்காவுக்கு ரத்தம் ஏற்றுகிறார்கள்.

மார்ச் 30
அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்பா தண்ணீர் பைப்பு பேச்சையே எடுப்பதில்லை.

ஏப்ரல் 6
திறப்பு விழா. புது வார்டின் முதல் பிள்ளை என்று படம் எடுக்க வேண்டுமாம். ஆள் அனுப்பி எங்கள் எல்லாரையும் கூட்டிப்போனார்கள். அக்காவால் இன்னும் நேராக உட்கார முடியவில்லை. பிள்ளையைப் புதுத் தொட்டிலில் போட்டார்கள். தொட்டிலில் அவர்கள் கொடி ஒட்டியிருந்தது. புது டொக்டர் தூதரகத்து ஆள் பக்கத்தில் நின்றார். அங்கேயும் என் கையில் டீத் தட்டைக் கொடுத்துவிட்டார்கள்.

மொழிபெயர்க்கிறவர் அப்பாவிடம் கேட்டார்: "ஒங்க பேத்தி இங்கதானே பொறந்தா?"

அப்பா கும்பிட்டார். வாயும் திறந்தது. ஆனால் ஆமாங்க வரவில்லை. அக்காவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இல்லங்க," என்றேன். "லொறியில."

மொழிபெயர்க்கிறவர் சிரித்துக்கொண்டே வேறு என்னவோ சொல்லப் போனார்.

"லொறி" என்று தூதரகத்து ஆளின் முகத்தைப் பார்த்தே சொன்னேன். "லொறி!" வார்டு முழுக்கக் கேட்டது.

டீத் தட்டைக் கீழே வைத்தேன். தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டேன்.