சீசனுக்குப் போய்த் தங்கிய இடம்

முருகன் துணை

நமுனுகுல
26.04.1981

அன்பு மகன் முருகையாவுக்கு அப்பா அழகர் எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நான், உன் அம்மா, உன் சம்சாரம் நல்லம்மா, பிள்ளைகள் இருவரும் குறையில்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டுமென்று உன் அம்மா அங்கம்மா விளக்கு வைக்கிற நேரமெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாள். நீ குவைத்திலிருந்து போட்ட கடிதமும், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு காருக்குப் பக்கத்தில் நிற்கிற போட்டோவும் வருசப் பிறப்புக்கு முன்பே வந்து சேர்ந்தன. பதில் பிந்தியதற்குக் காரணம் நாங்கள் நுவரெலியா போய் வந்ததுதான். போன இடத்தில் நடந்ததை ஒன்று விடாமல் எழுதும்படி நல்லம்மா சொல்லியிருக்கிறாள், அதனால் கடிதம் நீளும், பொறுமையாக வாசி.

இங்கே மழை நேரத்துக்குப் பெய்து கொழுந்து நிறைய வருகிறது, நான் ஓட்டுகிற லொறிக்கு ஓய்வில்லை, பதுளை ஸ்டேசனில் தேயிலைப் பெட்டிகளை இறக்கிவிட்டுத் திரும்பினால் ஃபெக்டரியில் அடுத்த லோடு தயாராக நிற்கிறது. ஹாலிஎலவுக்குக் கிட்ட ரோட்டில் மண் சரிந்து கிடக்கிறது, ஒரு பக்கமாகத்தான் போக விடுகிறார்கள். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, நீ அனுப்பிய தைலத்தைப் பூசிக்கொண்டு, சுகம் என்று உனக்கு எழுதச் சொல்கிறாள். செவலைப் பசு கன்று போடுகிற நேரம் என்பதால் அவள் நுவரெலியாவுக்கு வரவில்லை. கிடாரிக் கன்று, நாங்கள் திரும்பி வந்த அன்று காலையில்தான் போட்டது. ஆகவே பயணம் போனது நானும் நல்லம்மாவும் பிள்ளைகளும் மட்டும்தான்.

ஏப்ரல் சீசனுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் கார்னிவல் காட்டச் சொல்லி எழுதியபோது நீ இரண்டு விசயத்தை அழுத்தி எழுதியிருந்தாய். உன்னோடு வேலை செய்யும் பதுளை நஸீர் சொன்ன கெஸ்ட் ஹவுசில்தான் தங்க வேண்டும், மேல் மாடியில் வாவியைப் பார்த்த அறைக்கு நீயே எழுதிப் போட்டிருக்கிறாய் என்பது ஒன்று. என்ன வந்தாலும் தம்பையா வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, உன் பிள்ளைகள் தோட்டத்து லயத்தில் ஒற்றைக் காம்பராவில் படுக்கக் கூடாது என்பது மற்றது. கூடப் பிறந்த அண்ணன் தம்பையாவின் வீடு டவுனுக்குப் பக்கத்திலேயே இருக்கும்போது வேறு இடத்தில் தங்குவது நல்லம்மாவுக்கு மனதுக்குச் சரியில்லை, ஆனாலும் அவள் வாய் திறக்கவில்லை. நீ வெளிநாட்டுக்குப் புறப்பட்ட அன்று, பதுளை ஸ்டேசனில் எல்லோரும் மாலை போடுகிற நேரத்தில், ‘பொண்டாட்டி புள்ளைகள விட்டுட்டுப் போறவனுக்கு எதுக்கு மாலை’ என்று தம்பையா சொன்னதை நீ மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு நானும் அவன் மேல் கோபப்பட்டேன். அதனால் நீ எழுதியபடியே செய்வது என்றுதான் புறப்பட்டோம்.

வெலிமடை வழியாகப் போகிற பஸ்ஸில் போனோம். சின்னவள் பூமணி இரண்டு முறை வாந்தி எடுத்தாள், மூத்தவள் தவமலர் ஜன்னலை விட்டு நகரவில்லை. கெஸ்ட் ஹவுஸ் நீ எழுதியபடியே நல்ல கட்டடம்தான், முன்னால் பூச்செடியெல்லாம் வைத்திருக்கிறார்கள். அங்கே பொறுப்பாக இருந்தவர் ‘வாங்க’ என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார். பிறகு எங்கள் துணி மூட்டையையும், அம்மா கட்டிக் கொடுத்த ரொட்டிப் பார்சலையும், நல்லம்மாவின் செருப்பில்லாத கால்களையும் பார்த்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘கொழும்புல இருந்து ஒரு குடும்பம் வந்துட்டாங்க, மேல் ரூமை அவங்களுக்குக் குடுத்திட்டேன், பின்னால ஒரு ரூம் இருக்கு, டிரைவர்மார் படுக்கிறது, உங்களுக்குப் போதும்’ என்றார். போய்ப் பார்த்தேன். சமையல் குசினிக்குப் பின்னால் இருந்தது, ஜன்னல் இல்லை, சுவரோரம் பழைய டயர் அடுக்கியிருந்தது. தோட்டத்துத் தொரைமாரின் கார் ஓட்டிய காலத்தில் நான் அந்த மாதிரி அறைகளில் எத்தனையோ தடவை படுத்தவன்தான், எனக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை, சரி என்று சொல்லி மூட்டையை உள்ளே வைக்கப் போனேன். தவமலர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ‘தாத்தா, இதுல தண்ணி எந்தப் பக்கம் தெரியும்’ என்று கேட்டாள்.

அப்போதுதான் நல்லம்மா பேசினாள். அந்த மனிதரிடம், ‘எங்க வூட்டுக்காரர் காயிதம் போட்டது எந்த ரூமுக்குங்க’ என்று கேட்டாள். மேல் ரூமுக்குத்தான், ஆனால் சீசன் நேரம், கொஞ்சம் அனுசரித்துக்கொள்ள வேண்டும் என்றார் அவர். ‘அப்ப அந்த ரூமு இல்லாட்டி எங்களுக்கு வேற ரூமு வேணாங்க’ என்று சொல்லிவிட்டு என் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டு வெளியே நடந்தாள். சத்தம் போடவில்லை. நான் அவள் பின்னால் போனேன். நஸீர் மேல் நீ கோபப்பட வேண்டாம், அந்தப் பையனுக்கு இது எதுவும் தெரிந்திருக்காது.

கோயில் மடத்தில் கேட்டுப் பார்த்தோம், யாத்திரைக்கு வந்தவர்கள் நிறைந்து வாசல் வரைக்கும் படுத்திருந்தார்கள். வேறு இரண்டு இடத்தில் சீசன் முடிகிற வரைக்கும் அறை இல்லை என்றார்கள். அதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது. கடைசி பஸ்ஸில் திரும்பிவிடுவோமா என்று நான் கேட்டேன். நல்லம்மா பிள்ளைகளின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டே, ‘மாமா, அவருக்கு நீங்க என்ன எழுதுவீங்களோ எழுதுங்க, நான் எங்கண்ணன் வூட்டுக்குப் போறேன்’ என்றாள். மழையில் நின்றுகொண்டு வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. நீ எழுதியதை மீறியது இப்படித்தான்.

தம்பையா எங்களைப் பார்த்ததும் வாசலுக்கு வந்து மூட்டையை வாங்கிக்கொண்டான். அவன் சம்சாரம் ரெங்கம்மா அடுப்பை மூட்டி, பிள்ளைகளின் ஈரத் துணியைக் கழற்றிவிட்டு, தேத்தண்ணி கொடுத்தாள். இருந்த ஒரே காம்பராவை நல்லம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் விட்டுவிட்டு, அவனும் நானும் முன்பக்கத்தில் சாக்கு விரித்துக்கொண்டோம். தம்பையாவின் தங்கச்சி வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு லயத்தில் உள்ளவர்கள் எல்லோரும் வந்து எட்டிப் பார்த்தார்கள், ஒருவர் கம்பளி கொடுத்தார், ஒருவர் முட்டை கொண்டுவந்தார். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா பிள்ளைகள் இருவரையும் தன் வாசலில் உட்கார வைத்துத் தலை பின்னிச் சிவப்பு ரிப்பன் கட்டிவிட்டாள். தம்பையா உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

அன்றைக்குக் கார்னிவலுக்குப் போனோம், தம்பையாவும் கூட வந்தான். சனம் என்றால் சொல்ல முடியாது. பெரிய ராட்டினம், மரக்குதிரை, மோட்டார் சைக்கிளில் சுவரில் ஏறிச் சுற்றுகிற மரணக் கிணறு எல்லாம் வந்திருந்தன. மரக்குதிரைக்கு டிக்கட் எடுக்க நான் வரிசையில் நின்றேன், தம்பையா பிள்ளைகளுக்குக் கடலை வாங்கப் போனான். தவமலரின் செருப்பு வார் அறுந்துபோக நல்லம்மா குனிந்து அதைப் பார்த்திருக்கிறாள். நிமிர்ந்தபோது பூமணி இல்லை. முதலில் அங்கேதான் எங்கேயாவது நிற்பாள் என்று நினைத்தோம். ராட்டினத்தைச் சுற்றி வந்தோம், கடைகளுக்குப் பின்னால் பார்த்தோம், ஒரு இடத்திலும் இல்லை. ஒலிபெருக்கியில் சிங்களத்திலும் தமிழிலும் பெயரைச் சொன்னார்கள். அந்தப் பாட்டுச் சத்தத்திலும் கூட்டத்திலும் யாருக்குக் கேட்டதோ தெரியாது. நல்லம்மா அழவில்லை, தவமலரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ‘பூமணி, பூமணி’ என்று கூப்பிட்டபடியே நடந்தாள், கொஞ்ச நேரத்தில் அவளுக்குக் குரல் போய்விட்டது. நான் வாவிப் பக்கம் போனேன். அங்கே போய் எதைப் பார்க்கப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. கரையெல்லாம் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

தம்பையா வேறு மாதிரிச் செய்தான். அவனுடைய தோட்டத்து ஆட்களும் அன்றைக்குக் கார்னிவலுக்கு வந்திருந்தார்கள். கண்ணில் பட்ட ஒவ்வொருவரையும் நிறுத்தி, ‘காலையில நம்ம லயத்துல பாத்தீங்களே, எந்தங்கச்சி மக, செவப்பு ரிப்பன், அவளக் காணோம்’ என்று சொல்லி, ஆளுக்கொரு பக்கம் அனுப்பிவிட்டான். நாங்கள் அந்த கெஸ்ட் ஹவுசில் தங்கியிருந்தால் பூமணியின் முகம் தெரிந்தவர்கள் அந்த டவுனில் எங்களைத் தவிர வேறு ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். கடைசியில் பேச்சியம்மாதான் அவளைக் கண்டுபிடித்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற ரோட்டில், முன்னால் போன ஒரு ஆளுக்குப் பின்னால் பிள்ளை ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்ததாம். அந்த ஆள் பட்டுச் சட்டை போட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், தன் பின்னால் ஒரு பிள்ளை வருவதே அவருக்குத் தெரியாது. தான் பின்னிய சடையைப் பின்பக்கமிருந்தே அடையாளம் கண்டு பேச்சியம்மா ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டாள். தூக்கியதும்தான் பிள்ளை அழத் தொடங்கியிருக்கிறாள். எங்களிடம் கொண்டுவந்து விட்டபோது, எங்கேடி போனாய் என்று நான் அதட்டிக் கேட்டேன். ‘அப்பா வேகமா நடந்துட்டாரு தாத்தா, நான் கூப்பிட்டேன், அவருக்குக் கேக்கல’ என்றாள்.

நல்லம்மா பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தம்பையா வந்து பூமணியைத் தூக்கிக்கொண்டு போய் மரக்குதிரையில் உட்கார வைத்தான், அது சுற்றி முடிகிற வரைக்கும் குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே சுற்றி நடந்தான். தவமலரும் ஏறினாள். ஆகவே பிள்ளைகள் இருவரும் நீ ஆசைப்பட்டபடி கார்னிவல் பார்த்துவிட்டார்கள் என்பதை எழுதிக்கொள்கிறேன்.

திரும்பி வருகிற அன்று காலையில் எங்களைப் பஸ் ஏற்ற வந்த தம்பையா, பிள்ளைகள் ஏறின பிறகு என்னிடம், ‘மாமா, அன்னைக்கு ஸ்டேசன்ல நான் அத்தன பேர் முன்னால சொன்னது பிழைதான், மச்சான்கிட்ட சொல்லுங்க’ என்றான். பஸ் புறப்படுகிற நேரத்தில் ஜன்னல் பக்கம் வந்து, ‘சொன்ன எடந்தான் பிழை மாமா’ என்றான். இரண்டையும் அவன் சொன்னபடியே எழுதியிருக்கிறேன். நீ அவனுக்கு ஒரு கடிதம் போட வேண்டும், சின்னதாக இருந்தாலும் போதும். பேச்சியம்மாவைப் பற்றியும் அதில் ஒரு வரி எழுது, வாசித்துக் காட்டினால் சந்தோசப்படுவாள். விலாசத்தைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

அங்கே வேலை ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் இரண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போடலாமா என்று என்னிடம் கேட்டிருந்தாய். நீ போய் மூன்று வருசம் ஆகப் போகிறது. போட வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், நீ அனுப்புவதில்தான் கூரை மாற்றினோம், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், அது எனக்குத் தெரியும். போடு என்று சொல்லவும் இப்போது எனக்கு வாய் வரவில்லை. அடுத்த சீசனுக்கும் இதே மாதிரிப் போங்கள், அதைவிட நல்ல இடமாகப் பார்த்து நான் எழுதிப் போடுகிறேன் என்று நீ முந்திய கடிதத்தில் எழுதியிருந்ததை நேற்று நல்லம்மாவுக்கு வாசித்துக் காட்டி, என்ன பதில் எழுதட்டும் என்று கேட்டேன். பசுவுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தவள் நிமிராமலே, ‘நாங்க எங்க தங்குறதுங்கிறது இருக்கட்டும் மாமா, அவரு எங்க தங்கப் போறாருன்னு கேட்டு எழுதுங்க’ என்றாள்.

வெயிலில் வேலை செய்கிறபோது தலையில் துணி கட்டிக்கொள், தண்ணீரை நிறையக் குடி, லொறியில் பிரேக்கை அடிக்கடி பார், ராத்திரி ஓட்டம் வந்தால் தூக்கத்தோடு ஓட்டாதே. அம்மா இந்தக் கடிதத்துக்குள் திருநீற்றுப் பொட்டலம் வைத்திருக்கிறாள், பிரித்து நெற்றியில் பூசிக்கொள். உனக்கு நீண்ட ஆயுசும் சுகமும் கொடுத்து அந்த முருகன் உன்னைக் காப்பாற்ற வேண்டுமென்று நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம். பிள்ளைகள் முத்தம் அனுப்பச் சொன்னார்கள். நல்லம்மா கேட்டதற்கு என் பெயருக்கு எழுதாமல் அவள் பெயருக்கே பதில் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. அழகர்