ஹார்ப்புக்கு வார விடுமுறை

27.9.2025, சனி

மேக்னா அத்தையின் ஹார்ப், ஆளுயரச் சட்டத்தில் தந்தி கட்டிய வாத்தியம், மினி லாரியில் வந்து இறங்கியது. பெங்களூரில் வாடகைக்கு எடுத்தது. சொந்த ஹார்ப் ஜெர்மனியிலேயே இருக்கிறது. இறக்க வந்த எங்கள் மில் மேஸ்திரி மயில்சாமி அண்ணன், தறி ஓடும் சோமனூர்க்காரர், அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, பாவெல்லாம் நல்லாத்தான் ஓட்டியிருக்குது. துணி எந்தப் பக்கமுங்க வரும்?"

அத்தை சிரித்தார். ஊருக்கு வந்த பிறகு முதல் சிரிப்பு!

28.9.2025, ஞாயிறு

அத்தை பெரிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றின் தலைமை ஹார்ப் கலைஞர். போன குளிர்காலத்தில் மோதிர விரல் வீங்கி, ஒரு கச்சேரியில் பாதியில் நிறுத்திவிட்டார். நவம்பரில் அவர்கள் முன் மறுபடி வாசித்துக் காட்ட வேண்டும். விரல் ஒத்துழைக்காவிட்டால் அந்த நாற்காலி வேறொருவருக்கு.

வாரத்தில் ஒரு நாள் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்னாராம். அத்தை கேட்டால்தானே? காலையில் உட்கார்ந்தால் இட்லி ஆறிக் கல்லாகிறது. சாயங்காலம் விரல் ஐஸ் தண்ணீரில்.

30.9.2025

நாளை ஆயுத பூஜை. சாமியிடம் வைப்பதில் என் கணக்குப் பாடப் புத்தகம்தான் முதலில் — எல்லாவற்றுக்கும் அடியில்.

1.10.2025, புதன்

ஐயோ.

சந்தனக் கிண்ணம் என் பொறுப்பு. கார், ஸ்கூட்டர், கிரைண்டர், அப்பாவின் லேப்டாப் — எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். அப்படியே ஹார்ப்பின் அடியில் காலால் அழுத்தும் ஏழு மிதிகளுக்கும். பக்கத்தில் சரஸ்வதி படம், பொரி, வாழைப்பழம். அழகாகத்தான் இருந்தது!

அத்தை குளித்துவிட்டு வந்து வாசிக்கப் போனார். அம்மா ஓடி வந்தார்.

"மேக்னா, சாமிகிட்ட வெச்சாச்சு. நாளைக்குக் காலைலதான் தொடோணும்."

"அண்ணி, எனக்கு நவம்பர்ல பரீட்சை!"

"பிரீத்திகாவுக்கும்தான் பரீட்சை. அவ பொஸ்தகத்தைத் தொடறாளா பாரு."

நானா தொடுவேன்! அத்தைக்குக் கோபம் வந்தால் அப்பா வீட்டுத் தெலுங்குதான் வரும். நிறைய வந்தது. நான் என்ன பண்ணிப்போட்டேன்? ஒரு நாள் போனா நாற்காலியும் போயிருமா?

ஆனால் அத்தை தொடவில்லை. கையை நீட்டினார், பொட்டுகளைப் பார்த்தார், மடக்கிக்கொண்டார். "மில்லே நிக்குது இன்னைக்கு," என்று முணுமுணுத்தார். பிறகு இரண்டு கிண்ணம் சுண்டல் சாப்பிட்டார். கேட்டில் என்னோடு சேர்ந்து திருஷ்டிப் பூசணி உடைத்தார். மத்தியானம் முழுக்கக் குறட்டை.

2.10.2025, விஜயதசமி

எனக்கு முன்பே எழுந்துவிட்டார். மோதிர விரலை மடக்கினார், நீட்டினார், மறுபடி மடக்கினார்.

"கண்ணு, வீக்கத்தைக் காணோம்."

அப்புறம் வாசித்தார். இட்லி ஆறியது. அம்மா மறுபடி சூடு பண்ணி வைத்தார்.

8.10.2025, புதன்

அத்தை அவராகவே வந்து ஹார்ப்புக்குப் பொட்டு வைக்கக் குங்குமம் கேட்டார். இன்றும் அதற்கு லீவாம்!

26.11.2025, புதன்

அத்தை ஜெர்மனியிலிருந்து படம் அனுப்பியிருக்கிறார். ஆளில்லாத பெரிய மேடை. பழைய இடத்திலேயே அவர் நாற்காலி, முதுகில் அவர் பச்சைச் சால்வை. பக்கத்தில் ஹார்ப். ஏழு மிதியிலும் ஏழு பொட்டு.

கீழே எழுதியிருந்தார்: "வயலின்காரர் இது என்னன்னு கேட்டார். வார லீவுன்னு சொன்னேன். தன் வயலினுக்கும் ஒண்ணு வெக்கச் சொல்றார்."

நானும் கணக்குப் புத்தகத்துக்கு ஒரு பொட்டு வைத்துப் பார்த்தேன். அம்மா துடைத்துவிட்டார்.