ஊதா நிறப் புள்ளிகள்

விழுப்புரம்,
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தென்னரசு,

நாம் வேலைபார்த்த கல்லூரியிலேயே உன்னைப் பேச அழைத்திருப்பதில் உன்னைவிட எனக்குத்தான் மகிழ்ச்சி. 'உயிர் எப்படித் தொடங்கியது' என்ற தலைப்புக்கு உன்னை விட்டால் யார்? 1984 ஜூலை மாதம் நாம் இருவரும் குடுவையில் மீத்தேனும் அம்மோனியாவும் ஹைட்ரஜனும் அடைத்து, தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஏழு நாள் மின்பொறி விட்ட கதையைப் பிள்ளைகள் ஆவலாகக் கேட்பார்கள்.

ஒரு சிறு வேண்டுகோள். தவறாகப் பட்டால் விட்டுவிடு. உன் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாயே, ஊதாப் புள்ளிகள் உள்ள அந்த வடிதாள், அதை மேடைக்குக் கொண்டுபோக வேண்டாமே. வெளிச்சத்தில் நிறம் போய்விடும். கரும்பலகையில் வரைந்து காட்டினால் போதாதா?

உன்,
விருத்தாசலம்

திண்டிவனம்,
9 ஆகஸ்ட் 2025

அருமை விருத்தாசலம்,

நாற்பத்தோரு வருஷமாகச் சுவரில் வெயில் குடித்த தாள், ஒரு மணி நேரம் மேடையேறினால் வெளுத்துவிடுமா? உன் கடிதத்தை வீட்டில் அம்மணிக்குப் படித்துக்காட்டினேன். "அவரு இன்னும் எதையாச்சும் நெனச்சி பயந்துக்கினே இருக்காரா? ஒரு நடை வரச் சொல்லுங்க. கேப்பைக் களி கிண்டிப் போட்டா பயம் போயிடும்" என்கிறாள்.

அந்தத் தாள் இல்லாமல் நான் யார்? 'மின்னல் வாத்தியார்' என்று பிள்ளைகள் பெயர் வைத்ததே அதனால்தான். அமினோ அமிலம் உயிரின் செங்கல், அது இதே ஊரில் எங்கள் குடுவையில் உண்டானது, கண்ணால் பார்த்தேன் என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னவன் நான். கண்டமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து என் அப்பா பார்த்த தாள் அது. கொண்டுபோகத்தான் போகிறேன். நீயும் மேடையில் பக்கத்தில் உட்காருகிறாய். போன் செய்தால் ஏனய்யா எடுப்பதில்லை?

தென்னரசு

விழுப்புரம்,
19 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தென்னரசு,

போனில் உன் குரல் கேட்டால் எனக்கு இதைச் சொல்ல வராது. மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் நாள் குடுவைத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து, தாளின் அடியில் பென்சில் கோட்டின்மேல் வைத்தது நீ. தாளின் ஓரம் சுருண்டிருந்தது. எந்தத் தாள் சுருண்டிருந்தாலும் பெருவிரலால் நீவிவிடுவது என் பழக்கம். பர்னர் அணையாதிருக்க மின்விசிறியை நிறுத்தியிருந்தோம். வேர்த்த விரலால் அந்தக் கோட்டின்மேலேயே நீவினேன். பிறகு தாளைக் கரைப்பானில் நிறுத்தி, அது தாளில் மேலே ஏறியதும் காயவைத்து, நின்ஹைட்ரின் தெளித்துச் சூடேற்றினோம். ஊதாப் புள்ளிகள் வந்தன. நீ கத்திய கத்தலில் பக்கத்து வகுப்பு எழுந்து வந்தது.

மனிதர் வேர்வையிலும் அமினோ அமிலம் உண்டு. குடுவையிலிருந்து வந்ததா விரலிலிருந்து வந்ததா என்று நின்ஹைட்ரின் பார்க்காது, அமினோ அமிலம் எதுவானாலும் ஊதாவாக்கிவிடும். வெறும் தண்ணீரை வைத்து ஒப்பீட்டுக்கு இன்னொரு தாள் ஓட்டியிருக்க வேண்டும். அவசரத்தில் விட்டோம். நீ ஊருக்குப் போயிருந்த மூன்றாம் நாள் தனியாக ஓட்டிப் பார்த்தேன். வெறும் தண்ணீர்தான், ஆனால் அதே விரலால் நீவினேன். அதே உயரத்தில் அதே புள்ளிகள். அதைக் கிழித்துப் போட்டேன். குடுவைத் தண்ணீரை அதற்குள் கொட்டிக் கழுவிவிட்டார்கள். மறுபடி பார்க்க வழியில்லை.

அன்று மாலை உன் அப்பாவை அழைத்துக்கொண்டு வந்தாய். அவர் தாளைத் தொடாமல் தள்ளி நின்று கும்பிட்டார். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் துணிவில்லை.

விருத்தாசலம்

திண்டிவனம்,
2 செப்டம்பர் 2025

விருத்தாசலம்,

பன்னிரண்டு நாளாக எழுதக் கை வரவில்லை. என் அப்பா எதைக் கும்பிட்டார், உன் வேர்வையையா?

அம்மணியிடம் சொன்னேன். என்னோடு சேர்ந்து திட்டுவாள் என்று பார்த்தால், "இத்தினி வருசம் இத்த மனசுல வெச்சிக்கினு எப்பிடித்தான் சோறு துன்னாரோ பாவம்" என்று உனக்காக அழுகிறாள். அதிலும் எனக்குக் கோபம்தான்.

தாளை மேடைக்குக் கொண்டுபோகிறேன். இதை நான் சொல்லமாட்டேன். நீவியவன் நீ. பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்கு வந்து எல்லார் முன்னாலும் நீயே சொல். வராவிட்டால் இனி கடிதம் போடாதே.

தென்னரசு

விழுப்புரம்,
13 செப்டம்பர் 2025

அன்புள்ள தென்னரசு,

நேற்று நிகழ்ச்சி முடிந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப் போய்விட்டாய். பேசியிருந்தால் அங்கேயே அழுதிருப்பேன், போனது நல்லதுதான்.

எழுதி எடுத்துவந்ததை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் பேசினேன். என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்ததும், அவரை ஓர் ஆசிரியை அதட்டியதும் நினைவிருக்கிறது. பிறகு வெண்ணிலா என்று பெயர் சொல்லி ஒரு மாணவி எழுந்தாள்.

"அப்போ சார், குடுவைக்குள்ள நெஜமாவே ஏதாச்சும் உண்டாச்சா, இல்லியா?"

மன்னிப்புக் கேட்கத் தயாராக வந்தவன், இந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை. அப்போதுதான் உன் குரல் கேட்டது.

"தெரியாதும்மா. உண்டாயிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நாங்க ரெண்டு பேரும் சரியா பாக்கலை."

தெரியாது என்று நீ சொல்லி நான் கேட்டதே இல்லை. அதைக்கூட விடு. ரெண்டு பேரும் என்றாய். நீவியது நான், மறைத்தது நான். ரயிலில் மயிலம் வரும்வரை, வாய் தவறி வந்திருக்கும் என்றே நினைத்தேன். பேரணி தாண்டிய பிறகு, மின்னல் வாத்தியாருக்கு மேடையில் வாய் தவறாது என்று தோன்றியது. விக்கிரவாண்டியில் ஒரு டீ வாங்கிக் குடித்தேன்.

அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை காலை வண்டிக்கு வருகிறேன். அம்மணியிடம் சொல்.

உன்,
விருத்தாசலம்